கோத்தகிரி ரோடு (எஸ்.ஹெச். 15): எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரில இருக்கேன்னு சொன்னா போதும், கீழ இருந்து வர்ற சொந்தக்காரங்க, அவங்க ஃபிரெண்ட்ஸ், ஃபிரெண்டோட மச்சான் வரைக்கும் நமக்குத்தான் போன். ரோடு எப்படி இருக்கு, யானை நிக்குதா, போலீஸ் விடறாங்களா, இதுலயே ஊட்டி போயிரலாமா, இதே கேள்விதான் திரும்பத் திரும்ப. ஒருதடவ உக்காந்து எழுதிட்டா அடுத்த போனுக்கு இதையே அனுப்பிரலாம். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கேள்விய வெச்சிருக்கேன்.

எஸ்.ஹெச். 15னா எதுங்க? கோத்தகிரி ரோட்டத்தான் அப்படிச் சொல்றாங்களா?

எஸ்.ஹெச்.னா ஸ்டேட் ஹைவே, மாநில நெடுஞ்சாலை. கோத்தகிரி ரோடு அதுல ஒரு துண்டு மட்டும்தாங்க. முழு ரோடும் ஈரோட்டுக்கும் ஊட்டிக்கும் நடுவுல. ஈரோட்டுல கிளம்பினா சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தியமங்கலம், சிறுமுகை, மேட்டுப்பாளையம், அப்புறம் மலை ஏறி கோத்தகிரி, கடைசில ஊட்டி. மொத்தம் சுமார் 160 கி.மீ. வரும். பாதிக்கு மேல சமவெளிதான், கோபி பக்கம் வாய்க்கால் தண்ணில நெல்லும் மஞ்சளும் வாழையுமா பச்சையா போகும், மேட்டுப்பாளையம் தாண்டினதும்தான் மலை. கீழ இருக்கறவங்க இதை சத்தி ரோடுன்னும், மேட்டுப்பாளையத்துக்காரங்க கோத்தகிரி ரோடுன்னும், நாங்க மேட்டுப்பாளையம் ரோடுன்னும் சொல்லுவோம், எல்லாம் ஒரே நம்பர்தான். நான் இங்க அதிகமா பேசப்போறது மலைத் துண்டப் பத்தி.

ஊட்டிக்கு ரெண்டு ரோடு இருக்கா? எங்க பிரியுது? மிஸ் பண்ணிட்டா?

ஆமாங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து ரெண்டு. பவானி ஆத்துப் பாலம் தாண்டினதும் ரோடு ரெண்டா பிரியும். இடது கைப்பக்கம் போனா கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியா ஊட்டி, அது நேஷனல் ஹைவே, பழைய நம்பர் 67, இப்போ 181. வலது கைப்பக்கம் திரும்பினா கோத்தகிரி. போர்டு பெருசாவே வெச்சிருக்காங்க, ஆனா முன்னாடி ஒரு டூரிஸ்ட் பஸ் மறைச்சுட்டுப் போச்சுன்னா நேரா கல்லாறு பக்கம் போயிருவீங்க. போயிட்டா பதறாதீங்க, குன்னூர் ஏறி அங்க இருந்து கோத்தகிரிக்கு 20 கி.மீ.க்குள்ளதான்.

எது கிட்ட? குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

ஊட்டிதான் போகணும்னா குன்னூர் வழி கிட்ட. அது 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. இது மேட்டுப்பாளையம் டு கோத்தகிரி 33, கோத்தகிரி டு ஊட்டி 30ன்னு வெச்சுக்குங்க. பத்துப் பன்னெண்டு கி.மீ. எக்ஸ்ட்ரா.

ஆனா தூரத்த வெச்சு நேரத்தக் கணக்குப் போடாதீங்க. குன்னூர் வழில 14 கொண்டை ஊசி வளைவு, அதுல ஒரு லாரி திணறினா பின்னாடி அம்பது வண்டி நிக்கும். இந்தப் பக்கம் ஹேர்பின் குறைவு, வளைவு நெளிவு இருந்தாலும் நீளமா இழுத்துட்டுப் போற ரோடு, கூட்டமும் கம்மி. சீசன் இல்லாத நாள்ல ரெண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும், லீவு நாள்னா நான் இதுலதான் வரச் சொல்லுவேன் (விட்டாங்கன்னா, அது கீழ சீசன் கேள்வில இருக்கு).

வழியில என்னென்ன ஊர் வரும்? டீ குடிக்க நிறுத்தலாமா?

பாலம் தாண்டி வலது திரும்பினா கொஞ்ச தூரம் தோப்பும் காடுமா சமதளம். அப்புறம் ஏத்தம் ஆரம்பிக்கும். முதல்ல பெரிய நிறுத்தம் குஞ்சப்பனை, செக் போஸ்ட் இங்கதான். சுத்தி இருளர் கிராமங்கள், காப்பித் தோட்டம், பலா மரம். கீழ இருந்த வெக்கை இங்க வந்ததும் குறையறது உங்களுக்கே தெரியும், கார் கண்ணாடிய இறக்குங்க, ஏசி வேண்டாம். அப்புறம் மாமரம், முள்ளூர், தட்டப்பள்ளம். பாக்கு, காப்பி, மிளகுக்கொடினு இருந்தது மெதுவா தேயிலைக்கு மாறும். அரவேணு வந்தாச்சுன்னா கோத்தகிரி வந்த மாதிரிதான்.

டீக்கு அரவேணுல நிறுத்தலாம், இல்லேன்னா பேசாம கோத்தகிரி வந்துருங்க. நடுவுல காட்டுக்குள்ள ரோட்டோரம் வண்டிய ஓரங்கட்டி தரையில பாயப்போட்டு புளியோதரை சாப்பிடறவங்களப் பாத்திருக்கேன், அது யானை நடக்கற இடம். கீழ யானைக் கேள்வியப் படிங்க.

கோத்தகிரி தாண்டி ஊட்டிப் பக்கம் போனா கட்டபெட்டு, அங்க குன்னூர் ரோடு ஒண்ணு பிரியும். அப்புறம் தும்மனட்டி பக்கம், ரெண்டு பக்கமும் கேரட்டு, உருளை, பூண்டுன்னு படுகர் ஊர்களோட காட்டுத் தோட்டங்கள். அதுக்கப்புறம் தொட்டபெட்டா ஜங்ஷன். 2,637 மீட்டர் உசரத்துல இருக்கற தொட்டபெட்டா சிகரத்துக்குப் போற ரோடு இதுல இருந்துதான் பிரியுது, ஊட்டிக்காரங்களுக்கே பல பேருக்கு இந்த ரோட்டோட நம்பர் தெரியாது. ஜங்ஷன் தாண்டி கோடப்பமந்து வழியா இறங்கினா ஊட்டி. மத்தியானத்துக்கு மேல இந்தக் கடைசித் துண்டுல மேகம் ரோட்டு மேலயே உக்காந்துரும், ஹெட்லைட்ட லோ பீம்ல போடுங்க, ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவருதான் தெரியும்.

இது ஸ்டேட் ஹைவேனு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதனால நமக்கு என்ன?

கிலோமீட்டர் கல்லப் பாருங்க. தலையில பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தா ஸ்டேட் ஹைவே, மஞ்சள்னா நேஷனல் ஹைவே. மேட்டுப்பாளையம் தாண்டி ரெண்டு ரோடும் பிரியற இடத்துல ரெண்டு கலரையும் அடுத்தடுத்துப் பாக்கலாம், பசங்க கூட வந்தா காட்டுங்க.

நமக்கு என்னன்னா, ரோடு போடறதும் மண்ணு சரிஞ்சா அள்றதும் மாநில நெடுஞ்சாலைத் துறை. புகார்னா அவங்ககிட்டதான் போகணும், நேஷனல் ஹைவே ஆபீசுக்குப் போனா இது எங்க ரோடு இல்லம்பாங்க.

நீலகிரிக்கே முதல் ரோடு இதுதான்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம்தாங்க, இப்போ இருக்கற தார் ரோடு அப்படியே இல்ல, இந்தப் பக்கத்து வழி. ஆனா எல்லாரும் ஊட்டின்னதும் குன்னூர் ரோட்டையும் ரயிலையும்தான் நினைக்கறாங்க. இந்த ரோட்ட "ஆல்டர்நேட் ரூட்"னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஏன்னா வரிசைப்படி பாத்தா குன்னூர் வழிதான் ஆல்டர்நேட்டு.

கதை இதுதான். 1799ல திப்பு தோத்ததுக்கு அப்புறம் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துச்சு, ஆனா இருபது வருஷம் யாரும் கண்டுக்கல, கோயமுத்தூர் ஜில்லாவோட ஒரு மூலைனு விட்டுட்டாங்க. 1818ல கோயமுத்தூர் கலெக்டரோட அசிஸ்டெண்ட்டுங்க விஷ், கிண்டர்ஸ்லினு ரெண்டு பேர் மலைக்கு வந்துட்டுப் போய், மேல குளுகுளுனு ஒரு நாடே இருக்குன்னு சொன்னாங்க. அதக் கேட்டு கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரி 2ம் தேதி கிளம்பி சிறுமுகைப் பக்கத்துல இருந்து ஏறி, ஆறு நாள் கஷ்டப்பட்டு 8ம் தேதி கோத்தகிரி பக்கத்துல திம்பட்டி வந்து சேர்ந்தாரு. ஆறு நாள்! நீங்க ஒண்ணரை மணி நேரத்துக்குப் புலம்பறீங்க.

வந்தவரு சும்மா இருக்கல, ரோடு வேணும்னு மெட்ராசுக்கு எழுதித் தள்ளினாரு. 1821ல லெப்டினன்ட் எவன்ஸ் மெக்ஃபர்சன்கிற ராணுவ ஆபீசர் தலைமைல பயனியர் படை வேலைய ஆரம்பிச்சு, 1823ல சிறுமுகைல இருந்து கோத்தகிரிக்குப் பாதை முடிஞ்சுது. வண்டி போற ரோடு இல்ல, குதிரையும் பொதி மாடும் டோலியும் போற அளவுக்கு. ஊட்டிக்கு முதல்ல போன வெள்ளைக்காரங்க, அவங்க மேசை நாற்காலி, விதை உருளைக்கிழங்கு எல்லாம் இப்படி கோத்தகிரி வழியாத்தான் போச்சு.

அப்போ அதுக்கு முன்னாடி மலைக்கு வழியே இல்லையா?

யாரு சொன்னா? கோத்தர், தோடர், படுகர், இருளர், குறும்பர்னு இத்தனை சனம் மேல இருந்துச்சே, கீழ சந்தைக்குப் போகாமயா இருந்தாங்க? உப்பு, துணி, இரும்பு எல்லாம் கீழ இருந்துதான் வந்தாகணும். நடைபாதை நிறைய இருந்துச்சு, அதுல முக்கியமானது டணாயக்கன் கோட்டைல இருந்து தேனாடு, கீழ் கோத்தகிரி பக்கம் ஏறின வழி. மேல சொன்ன விஷ்ஷும் கிண்டர்ஸ்லியும் அந்தப் பாதைலதான் ஏறினாங்க. 1812ல சர்வே பண்ண வந்த கீஸ், மெக்மஹோனும் அப்படித்தான். வெள்ளைக்காரங்க "கண்டுபிடிச்சாங்க"ன்னு எழுதறது எல்லாம் ஊர்க்காரங்க காட்டின தடம்.

அந்த டணாயக்கன் கோட்டை இப்போ எங்கனு கேக்காதீங்க, தண்ணிக்குள்ள. 1955ல முடிஞ்ச பவானிசாகர் டேம்ல முங்கிப்போச்சு. டேம்ல தண்ணி நல்லா வத்தின வருஷம் மாதவராயப் பெருமாள் கோயில் வெளிய தெரியும், அப்போ ஜனம் பரிசல்ல போய்ப் பாத்துட்டு வரும். எஸ்.ஹெச். 15ல சத்திக்கும் சிறுமுகைக்கும் நடுவுல போறப்ப அந்தத் தண்ணிக்குப் பக்கத்துலதான் போறீங்க.

முதல்ல ரோடு வந்தது இங்கன்னா, ரயிலு மட்டும் ஏன் குன்னூருக்குப் போச்சு?

இந்தக் கேள்விய கோத்தகிரிக்காரங்க கொஞ்சம் வயித்தெரிச்சலோடதான் கேப்பாங்க. ஒரே நாள்ல நடந்தது இல்ல அது. மெக்ஃபர்சன் பாதை ஊட்டிக்குச் சுத்து, அதோட ஏத்தமும் ஜாஸ்தி. லஷிங்டன் கவர்னரா இருந்தப்ப, 1830 வாக்குல, லெப்டினன்ட் லி ஹார்டியோட மேற்பார்வைல குன்னூர் வழியா ஒரு பாதை போட்டாங்க. அன்னைக்கே ஊட்டிக்குப் போற கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. 1852ல வெலிங்டன்ல ராணுவ பாரக்ஸ் கட்ட ஆரம்பிச்சாங்க, அது குன்னூர் ஒட்டி. பட்டாளம் இருக்கற பக்கம்தானே சர்க்கார் பணமும் போகும். 1871ல வண்டி போற மாதிரி புது குன்னூர் மலை ரோடு முடிஞ்சுது, அதப் போட்ட லாங்கிற ஆபீசர் பேர்லதான் குன்னூர் பக்கத்துல லாஸ் ஃபால்ஸ் இருக்கு.

1873ல மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் வந்துருச்சு. அங்க இறங்கினவங்க எல்லாம் டோங்காங்கிற குதிரை வண்டில குன்னூர் வழியாத்தான் ஏறினாங்க. அப்போ பல் சக்கர ரயிலுக்குத் தடம் போடறப்ப வேற எங்க போடுவாங்க? 1899ல குன்னூருக்கும் 1908ல ஊட்டிக்கும் ரயில் வந்துச்சு. கோத்தகிரி ஓரமா நின்னுருச்சு. நின்னதும் ஒரு விதத்துல நல்லதுதான்னு எனக்குத் தோணும், குன்னூர் பஸ் ஸ்டாண்டுல சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நின்னு பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

சல்லிவன் பங்களா ரோட்டு மேலயே இருக்கா? டிக்கெட் உண்டா?

ரோட்டு மேல இல்ல. கோத்தகிரி டவுன்ல இருந்து ரெண்டு கி.மீ. மாதிரி உள்ள, கன்னேரிமுக்குங்கிற ஊர்ல. இடிஞ்சு கெடந்தத சரி பண்ணி இப்போ சின்ன மியூசியமா வெச்சிருக்காங்க, பழைய போட்டோக்கள், மலை சனங்களோட பொருட்கள் இருக்கும். சிவப்பு பெயிண்ட் அடிச்ச சின்னக் கட்டடம், பெரிய அரண்மனைனு நினைச்சுப் போகாதீங்க. கட்டணம், நேரம் எல்லாம் மாறிட்டே இருக்கும், கோத்தகிரி வந்து கேட்டுட்டுப் போங்க.

கேத்தரின் ஃபால்ஸ் ரோட்டுல இருந்தே தெரியுமா?

அரவேணு பக்கத்துல பிரிஞ்சு உள்ள போகணும், கோத்தகிரில இருந்து சுமார் 8 கி.மீ. சுமார் 250 அடி உசரம், ரெண்டு தட்டா விழும். காப்பி கொண்டுவந்த காக்பர்ன்கிற வெள்ளைக்காரரோட வீட்டம்மா பேரு அது. முழுசா பாக்கணும்னா எதிர்மலைல குன்னூர் டால்பின்ஸ் நோஸ்ல நின்னு பாக்கறதுதான் பெஸ்ட். கிட்டக்க போய்க் குளிக்கறேன்னு இறங்காதீங்க, பாறை வழுக்கும்.

சீசன்ல குஞ்சப்பனை வழியா ஏறவே விடமாட்டேங்கறாங்க, ஏன்?

ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஒன்வே மாதிரி ஆக்கிருவாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு ஏறற டூரிஸ்ட் வண்டி குன்னூர் வழி, ஊட்டில இருந்து இறங்கறது கோத்தகிரி வழி. ரெண்டு ரோடுமே ஒல்லி, ரெண்டு பக்கமும் ஏறியும் இறங்கியும் வந்தா எங்கயுமே நகராது, அதனால வட்டமா சுத்த விடறாங்க. முன்ன ரெண்டு ரோடு பத்திச் சொன்னேன்ல, அது ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் இந்த ஏற்பாடு புரியும்.

தேதியும் எந்த வண்டிக்கு விலக்குன்னும் வருஷா வருஷம் மாறும், பேப்பர்ல போடுவாங்க. கோத்தகிரிக்கே ரூம் போட்டிருக்கவங்க பாலத்துகிட்ட நிக்கற போலீஸ்கிட்ட புக்கிங்கக் காட்டிக் கேட்டுப் பாருங்க, விடலேன்னா சண்டை போடாம குன்னூர் ஏறி கட்டபெட்டு வழியா வாங்க.

கோத்தகிரிக்கு மட்டும் வர்றதுக்கும் இ-பாஸ் வேணுமா? ஊட்டிக்குத்தானே அது?

வேணும். ஊட்டின்னு பேச்சு வழக்குல சொல்றாங்களே தவிர, பாஸ் நீலகிரி மாவட்டத்துக்குள்ள நுழையறதுக்கு. ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து அமலுக்கு வந்துச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு ஒரு உச்ச வரம்பும் வெச்சாங்க, வார நாள்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. டிஎன் 43னு நீலகிரி நம்பர் போட்ட வண்டிக்கும் அரசு பஸ்சுக்கும் இது கிடையாது. பஸ்ல வர்றவங்களுக்குப் பிரச்சனையே இல்ல.

பாஸ கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே எடுத்துருங்க. செக் போஸ்ட்ல நின்னு எடுக்கலாம்னு நினைச்சா சிக்னல் காலை வாரி விடும். அங்கயே பிளாஸ்டிக்கும் பாப்பாங்க, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், கேரி பேக் எல்லாம் இந்த மாவட்டத்துல தடை. எவர்சில்வர் பாட்டில்ல தண்ணி கொண்டு வாங்க.

யானை வருமாமே? ராத்திரி வந்தா பயமா?

வரும். "வருமா"ன்னு கேக்கறத விட "எப்போ வரும்"னு கேளுங்க. கல்லாறு, ஜக்கனாரை பக்கம் யானை வழித்தடம் இருக்கு, நீலகிரி சரிவுல இருந்து சத்தியமங்கலம் காட்டுக்கும் திரும்பவும் போறதுக்கு இதுதான் வழி, அது குன்னூர் ரோட்டையும் கோத்தகிரி ரோட்டையும் ரெண்டையுமே குறுக்க வெட்டுது. அதோட குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர் பக்கம் பலா மரம் ஏகப்பட்டது. பலா சீசன்ல, சித்திரை வைகாசில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும், குட்டியோட கூட்டமா நிக்கும். ரோட்டுல லத்தி கெடந்தா பாருங்க, பலாக்கொட்டை முழுசு முழுசா அதுக்குள்ள இருக்கும், வாசனையே பலாப்பழம்தான் அடிக்கும். பச்சையா ஆவி பறக்க கெடந்துச்சுன்னா யானை அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்குன்னு அர்த்தம்.

பாத்துட்டா தூரமாவே நிறுத்துங்க, ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்ட மினுக்க வேண்டாம், கீழ இறங்கி செல்ஃபி வேண்டவே வேண்டாம். இன்ஜின ஆஃப் பண்ணாம, பின்னாடி போக இடம் வெச்சு நில்லுங்க. அது பாட்டுக்குப் பழத்தப் பறிச்சுத் தின்னுட்டு போயிரும், சில நேரம் முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். எதிர்ல அரசு பஸ் வந்தா அந்த டிரைவர் என்ன பண்றாரோ அதையே பண்ணுங்க, அவங்களுக்கு எந்த யானை எப்படின்னு தெரியும். ராத்திரி பைக்குல வராதீங்க, கார்னாலும் இருட்டறதுக்குள்ள அரவேணு தாண்டிருங்க.

மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்குமா?

கூடலூர் பக்கம் தென்மேற்கு மழை, ஜூன் ஜூலை. எங்க பக்கம் கிழக்குச் சரிவு, எங்களுக்கு வடகிழக்கு மழைதான், ஐப்பசி கார்த்திகை. அதனால டிவில ஜூலைல "நீலகிரில கனமழை"னு போட்டா கோத்தகிரி ரோடு காஞ்சே இருக்கலாம், நவம்பர்லதான் கவனமா இருக்கணும். 2009 நவம்பர் 10ம் தேதிய இங்க யாரும் மறக்கல. கேத்திங்கிற ஊர்ல ஒரே நாள்ல 82 செ.மீ. மழை, மாவட்டம் பூரா நூத்துக்கணக்கான இடத்துல சரிவு, 40 பேருக்கு மேல செத்தாங்க, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஒண்ணோட ஒண்ணு தொடர்பே இல்லாம கெடந்துச்சு. அதுக்கு முன்ன 1993 நவம்பர்ல குன்னூர் ரோட்டுல மரப்பாலம் பக்கத்துல பஸ்ஸோட சேத்து அடிச்சுட்டுப் போச்சு.

ஏன் சரியுதுன்னா, பாறைக்கு மேல பல அடி ஆழத்துக்கு மக்கின மண்ணு, அது தண்ணிய குடிச்சுக் குடிச்சு கனமாகி ஒரு கட்டத்துல வழுக்கிரும். ரோட்டுக்காக சரிவோட அடிய வெட்டிட்டோம், மேல வீடு கட்ட இன்னொரு வெட்டு, போதாக்குறைக்கு ஓடைய அடைச்சுட்டோம். ரோட்டோரம் கானைல பாட்டிலும் தழையும் அடைச்சுக்கிட்டு தண்ணி ரோட்டு மேல பாயறது சாதாரணமா பாக்கலாம். அந்தத் தண்ணி தெளிவா வந்தா பரவால்ல, திடீர்னு செம்மண் கலரா கலங்கி வந்துச்சுன்னா மேல மண்ணு நகருதுன்னு அர்த்தம், அங்க நிக்காதீங்க. இப்போ சில இடத்துல சரிவுல கம்பி அடிச்சு வலை போட்டு புல்லு வளக்கறாங்க, சாயில் நெய்லிங்காம். மழை நாள்ல ஜேசிபியும் மணல் மூட்டையும் தயாரா நிப்பாட்டிருவாங்க. மரம் விழுந்து ரெண்டு மணி நேரம் அடைக்கறது அடிக்கடி நடக்கும், அதுக்கு பிஸ்கட் பாக்கெட் போதும்.

ஆட்டோமேட்டிக் காருங்க, இறங்கறப்ப பிரேக் புடிக்காதுன்னு பயமுறுத்தறாங்க.

பயமுறுத்தறது கார வெச்சு இல்ல, ஓட்டற விதத்த வெச்சு. ஏறின அதே கியர்ல இறங்கணும்கறது பழைய டிரைவருங்க சொல்ற கணக்கு, இன்னைக்கும் அதான் சரி. ஆட்டோமேட்டிக்னா டி-லயே விட்டுட்டு வராதீங்க, எல் இல்லேன்னா மேனுவல் மோட்ல ரெண்டாவது கியருக்குப் போட்டு இன்ஜினே புடிச்சு இழுக்கற மாதிரி வாங்க. பிரேக்க தொட்டுத் தொட்டு விடணும், மிதிச்சுட்டே வரக்கூடாது. 33 கி.மீ.ல கோத்தகிரி உசரத்துல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட செங்குத்தா இறங்கறீங்க, அத்தனையும் பிரேக் தலைல கட்டினா அது என்ன பண்ணும்.

கருகின நாத்தம் வந்தா, இல்ல பெடல் ஆழமா போற மாதிரி இருந்தா, பாதுகாப்பான இடம் பாத்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும். நியூட்ரல்ல பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு வர்ற புத்திசாலிகளுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஒல்லியான இடத்துல எதிர்ல பஸ் வந்தா யாரு நிக்கணும்?

இறங்கறவங்க. ஏறற வண்டிக்கு வழி விடணும்னு 2017ல வந்த மோட்டார் வாகன டிரைவிங் விதிலயே இருக்கு. ஏறற வண்டி நின்னுட்டா மறுபடி எடுக்கறது கஷ்டம், அதான் காரணம். சீசன் ஒன்வேல எல்லாரும் இறங்கற ஆளா இருக்கறதால எதிர்ல யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சு வலது பக்கம் அறுத்துட்டு வராதீங்க, லோக்கல் வண்டியும் பஸ்ஸும் ஏறிட்டுத்தான் இருக்கும்.

குழந்தைக்கு வாந்தி வருமா?

கல்லட்டி ரோட்டுல 36 ஹேர்பின்னு இருக்கே, அதோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல. ஆனா வரும். காலைல இட்லி ரெண்டோட நிறுத்துங்க, போன்ல கேம் ஆட விடாதீங்க, முன் சீட்டுல உக்கார வெக்க முடியாத சின்னதுன்னா ஜன்னல திறந்து வெளிய பாக்க வைங்க.

இத்தனை பிரச்சனைக்கு நாலு வழிச்சாலை போட்டா முடிஞ்சுதே?

கீழ கோபி, சித்தோடு பக்கம் அகலமாக்கறது நியாயம், அங்க டிராஃபிக்கும் இருக்கு, இடமும் இருக்கு. மலைல ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சரிவுல பல மீட்டர் உசரத்துக்கு வெட்டணும். வெட்டின இடம் அடுத்த நவம்பர்ல என்ன ஆகும்னு மழைக் கேள்விலயே சொல்லிட்டேன். யானைக்கும் அகலமான ரோட்டத் தாண்டறது கஷ்டம், வண்டியோட வேகமும் கூடிரும். வளைவுல பார்வை மறைக்கற புதர வெட்டி, தடுப்புச் சுவர சரி பண்ணி, கானைய தூர் வாரி, ஒதுங்க நாலு இடம் கூடுதலா குடுத்தா எங்களுக்குப் போதும். பத்து நிமிஷம் சீக்கிரம் வந்து இங்க என்ன பண்ணப் போறீங்க?

தெங்குமரஹாடா கோத்தகிரி தாலுகாதானே? அப்போ கோத்தகிரில இருந்து ஒரு ரோடு இறங்கணும்ல? மேப்ல கொடநாடு பக்கத்துல காட்டுதே!

மேப்ல பக்கம்தான். கொடநாடு வியூ பாயின்ட்ல நின்னா அந்த ஊரு, மாயாறு, வயலு எல்லாம் நேரா கீழ தெரியும். ஆனா நடுவுல செங்குத்துச் சரிவு, நடைபாதை தவிர கார் போற ரோடு கிடையாது. கொடநாடு, சோலூர்மட்டம், கீழ் கோத்தகிரி பக்கம் போற ரோட்டப் புடிச்சு கீழ போயிரலாம்னு மேப்ப நம்பி யாரும் கிளம்பாதீங்க, திரும்பி கோத்தகிரிக்கே வரணும்.

தாலுகா ஆபீஸ் வேலைக்கு அந்த ஊர்க்காரங்க கோத்தகிரி வரணும்னா முதல்ல காட்டு ரோட்டுல பவானிசாகர் வரணும், அது 25 கி.மீ.க்கு மேல, அப்புறம் எஸ்.ஹெச். 15ப் புடிச்சு சிறுமுகை, மேட்டுப்பாளையம், குஞ்சப்பனைனு முழுசா சுத்தி மலை ஏறணும். கவர்மெண்ட் பஸ்ஸும் அப்படித்தான் சுத்திப் போகுது, அதுவும் மாயாத்தங்கரை வரைக்கும்தான், அப்புறம் பரிசல்ல ஆத்தத் தாண்டணும். 1948ல கூட்டுறவுச் சங்கம் வெச்சு விவசாயத்துக்குன்னு உண்டாக்கின ஊரு, இப்போ புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கறதால இடம் மாத்தற பேச்சும் கோர்ட் கேசும் நடந்துட்டிருக்கு. சுத்திப் பாக்கறேன்னு கார எடுத்துட்டுப் போக முடியாது, வனத்துறை அனுமதி இல்லாம பவானிசாகர் செக் போஸ்ட்லயே திருப்பி விட்டுருவாங்க. அங்க சொந்தக்காரங்க இருந்து போறவங்க பஸ் டைம பவானிசாகர்ல விசாரிச்சுட்டுக் கிளம்புங்க, மாயாத்துல தண்ணி ஏறியிருந்தா பரிசல் ஓடாது.